மாசச் சாமான் செலவு: எதை எங்கே, எவ்வளவு வாங்கினால் பணமும் நேரமும் மிஞ்சும்?

தல்லாகுளம் மீனா:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் இரண்டு பேர், மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். சம்பளம் வந்த முதல் ஞாயிறு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் மொத்தமாக வாங்கி வருவது வழக்கம், வண்டி நிறுத்தி, பில் போட வரிசையில் நின்று வீடு வந்து சேரும்போது பாதி நாள் போயிருக்கும். அப்படி வாங்கியும் மாதம் பாதி ஆவதற்குள் ஒவ்வொன்றாகத் தீர ஆரம்பிக்கிறது. உடனே போனில் ஆர்டர் போடுகிறோம், ஒரு கிலோ பருப்புக்காகத் திறந்தால் நூறு ரூபாய்க்கு வேறு ஏதாவது சேர்ந்துவிடுகிறது. மொத்தக் கடைக்குப் போ என்று சிலர் சொல்கிறார்கள், ஆன்லைன்தான் மலிவு என்று ஆபீசில் சொல்கிறார்கள், வருஷச் சாமானாக வாங்கி வைத்தால்தான் கட்டுப்படியாகும் என்பது மாமியார் கட்சி. உண்மையில் எந்தக் கடை மலிவு? வேலைக்குப் போகிற வீட்டில் நடக்கக்கூடிய வழியாகவும் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

கடைக்கார அண்ணாச்சி:

மீனா தங்கச்சி, நான் மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், கீழமாசி வீதியில் சரக்கு எடுப்பவன். கடைக்காரன் சொல்கிறானே என்று கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கு கணக்குதான். எல்லாச் சாமானும் மலிவாகக் கிடைக்கிற கடை எந்த ஊரிலும் கிடையாது. பெரிய கடைகளில் சர்க்கரை, ரீஃபைண்ட் எண்ணெய், கோதுமை மாவு போல மக்களுக்கு விலை மனப்பாடமாக இருக்கிற நாலைந்து பொருளில் விலையை இறக்கி வைப்பார்கள். கசகசா, ஏலக்காய், சோம்பு, முந்திரி இதெல்லாம் கிலோ என்ன விலை என்று யாருக்கும் நினைவிருக்காது, அங்கே எடுத்துவிடுவார்கள். 50 கிராம் பாக்கெட்டில் போட்ட சோம்பைக் கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள், புரிந்துவிடும்.

அதே நேரம் சோப்பு, பேஸ்ட், டீத்தூள், துணி சோப்புத் தூள் போன்ற கம்பெனிச் சரக்கில் என் மாதிரிக் கடைக்கு நிற்பதே கொஞ்சம்தான். அதில் பெரிய கடை கொடுக்கிற தள்ளுபடியை நான் கொடுக்கவே முடியாது, ஒளிக்காமல் சொல்கிறேன். பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி, வெல்லம், இட்லி அரிசி, உளுந்து, இவற்றில் நான் தருகிற தரமும் விலையும் பாக்கெட்டில் வராது. அதனால் லிஸ்ட்டை இரண்டாகப் பிரியுங்கள்: கம்பெனிச் சரக்கு ஒரு பக்கம், சில்லறைச் சரக்கு ஒரு பக்கம்.

பல்லாவரம் பேச்சுலர்:

இரண்டு கடைக்குப் போனால் இரண்டு மடங்கு நேரம் அண்ணாச்சி. அக்கா நேரமும் மிஞ்ச வேண்டும் என்கிறாரே.

கடைக்கார அண்ணாச்சி:

தம்பி, என் கடைக்கு யாரும் வந்து நிற்க வேண்டியதில்லை. லிஸ்ட்டை வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டி வைத்து, பையன் வீட்டில் கொடுத்துவிட்டு வருவான், அதற்குத் தனிக் காசு கிடையாது. ஊரில் பாதிக் கடை இன்று இப்படித்தான் ஓடுகிறது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் எங்களால் பொறுக்கி எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. இருபதாம் தேதிக்கு மேல் கடை காற்றாடும். அப்போது வாங்கினால் நல்ல சரக்காகப் பார்த்துக் கட்டலாம், விலையும் கொஞ்சம் பேசலாம்.

முன்னாள் பண்டகசாலை:

கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். பாக்கெட்டின் மேல் எம்ஆர்பி இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ‘ஒரு கிராம் இவ்வளவு’ அல்லது ‘ஒரு மில்லி இவ்வளவு’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஒரு கிலோவுக்குமேல் என்றால் கிலோவுக்கு, ஒரு லிட்டருக்குமேல் என்றால் லிட்டருக்கு இருக்கும். இது 2022-ல் பொட்டலப் பொருள் விதிகளில் கட்டாயமாக்கப்பட்டது. சரியாக ஒரு கிலோ, ஒரு லிட்டர் பாக்கெட்டில் மட்டும் தனியாக இருக்காது, ஏனென்றால் எம்ஆர்பியே அந்த விலைதான்.

இது ஏன் வந்தது என்று தெரிந்தால் விடாமல் பார்ப்பீர்கள். முன்பு டீ, பிஸ்கட், எண்ணெய், சோப்பு போன்றவற்றை இன்ன அளவுகளில்தான் கட்ட வேண்டும் என்று ஒரு அட்டவணை இருந்தது, 100, 200, 500 என்று. அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். இப்போது எந்த அளவிலும் கட்டலாம். ஒரு கம்பெனி எண்ணெய் 850 கிராம், பக்கத்தில் இன்னொன்று 910 கிராம், பார்வைக்கு இரண்டு பாக்கெட்டும் ஒரே உயரம். விலையை மட்டும் பார்த்து ‘இது எட்டு ரூபாய் குறைவு’ என்று எடுத்தால் குறைந்தது எண்ணெய்தான்.

எண்ணெயில் இன்னொன்றும் உண்டு. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் எடை வரும். செக்குக் கடையில் கிலோ விலை சொல்வார்கள், சூப்பர் மார்க்கெட்டில் லிட்டர் விலை இருக்கும், இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. டின் வாங்குபவர்களுக்கு இது பெரிய தொகை. 15 கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் இருக்கும், 15 லிட்டர் டின்னில் 15 லிட்டர்தான். கடையில் இரண்டையும் ‘பதினஞ்சு டின்’ என்றே சொல்வார்கள்.

பல்லாவரம் பேச்சுலர்:

சார், இந்தப் பொடி எழுத்து விஷயம் இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை, நன்றி. ஆனால் பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஷாம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் சாஷேயில் 5 மில்லி இருந்தால் மில்லிக்கு 20 பைசா. அதே ஷாம்பூ பாட்டிலில் மில்லிக்கு 50 பைசாவுக்கு மேல் போவதைப் பல கம்பெனிகளில் பார்க்கலாம். பெரிய பாட்டில் வாங்கி வைத்தால் கை தாராளமாக ஊற்றும் என்பதும் சேர்ந்தால் சாஷேதான் லாபம். தனி ஆளுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

ஈரோடு கொடி:

கணக்கு சரிதான் தம்பி. ஆனால் அந்தச் சாஷே உறை எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும், மறுசுழற்சிக்கு யாரும் எடுப்பதில்லை, நேராக வாய்க்காலில்தான் கிடக்கிறது. எங்கள் தெருவில் மழை வந்தால் அடைப்பதே இந்த உறைகள்தான். ஷாம்பூ ஒன்றில் மிஞ்சும் காசுக்காக நான் அதைச் செய்ய மாட்டேன். வேறு பத்து இடத்தில் மிச்சம் பிடிக்கலாம்.

முன்னாள் பண்டகசாலை:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாஷே பிறந்ததே நம் கடலூர்ப் பக்கம்தான், சின்னி கிருஷ்ணன் ஆரம்பித்து வைத்தது, அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பூவோடு ஊர் ஊராகக் கொண்டு போனார். தினக்கூலி வாங்குகிற வீட்டுக்கும் எட்டுகிற விலையில் கொடுக்க வேண்டும் என்பதால் அந்த விலையிலேயே நின்றுவிட்டது.

பத்து ரூபாய் பாக்கெட்டில் ஒன்றைக் கவனியுங்கள். விலை பத்திலேயே நிற்கும், உள்ளே கிராம்தான் ஏறி இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பூ, பேஸ்ட், தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமானது, நெய், வெண்ணெய்க்கு 12-லிருந்து 5 ஆனது. அப்போது பெரிய பாக்கெட்டுகளில் விலையைக் குறைத்தார்கள், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் பல கம்பெனிகள் விலையை அப்படியே விட்டுக் கிராமைக் கூட்டின. எடையைப் பார்க்காதவருக்கு இது இரண்டு பக்கமும் தெரியாது.

விருதுநகர் சரஸ்வதி:

மீனாம்மா, உன் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதே. வருஷச் சாமான் என்றால் எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக அடுக்குவது இல்லை. எது ஒரே பருவத்தில் அறுவடையாகி வருஷம் முழுக்க விலை ஏறிக்கொண்டே போகுமோ, எது கெடாமல் நிற்குமோ, அதை மட்டும்தான். புளி, வத்தல், மல்லி, மஞ்சள். இந்த நாலும்தான் எங்கள் வீட்டில்.

புதுப்புளி மாசி, பங்குனியில் வரும். மல்லி தையிலேயே களத்துக்கு வந்துவிடும். முண்டு வத்தல் ராமநாதபுரம் பக்கமிருந்து மாசியில் ஆரம்பித்துச் சித்திரை வரை வரத்து இருக்கும், பரமக்குடி, எமனேஸ்வரம் சந்தையிலும் எங்கள் ஊர்ச் சந்தையிலும் குவியலாகக் கிடக்கும். அந்த நேரத்தில் வாங்கி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நன்றாக, கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வருகிற வரை காய வைத்து எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஆடி, ஆவணியில் பூசணம் பிடிக்கும், அப்புறம் மிச்சமாவது எங்கே, முழுதும் நஷ்டம். புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, ஒரு அடுக்கு புளி ஒரு அடுக்கு கல்லுப்பு என்று மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அமுக்கி வை. எவர்சில்வர், அலுமினியத்தில் வைக்காதே, அரித்துவிடும்.

சாம்பார்ப் பொடியையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மில்லில் அரைத்துக்கொண்டால், பாக்கெட் மசாலாவுக்குக் கொடுப்பதில் நிறைய நிற்கும். மணம் வேறு மாதிரி இருக்கும்.

தல்லாகுளம் மீனா:

அம்மா, இது எனக்குப் புதிது, நாலே பொருள் என்றால் என்னாலும் முடியும். பருப்பையும் இப்படி வாங்கி வைக்கலாமா? வண்டு விழுகிறது, அதற்குப் பயந்தே அரைக் கிலோவாக வாங்குகிறேன்.

விருதுநகர் சரஸ்வதி:

துவரம் பருப்பு வருஷத்துக்கு வேண்டாம். மராட்டியம், கர்நாடகாப் பக்கம் அறுவடை மார்கழி, தையில் முடிந்து புதுப் பருப்பு வரும், அப்போது இரண்டு மாதத்துக்கு வாங்கினால் போதும். விளக்கெண்ணெயைக் கையில் லேசாகத் தடவிப் பருப்பைப் பிசிறி வைத்தால் வண்டு அண்டாது. பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாவற்றையும் வெயிலில் போட்டு ஆற வைத்து, உள்ளே இரண்டு வரமிளகாயோ ஒரு துண்டு வசம்போ போட்டு வை. சூடாக டப்பாவில் அடைக்காதே, வேர்த்துவிடும். ரவையையும் கடலை மாவையும் மாதத்துக்கு மேல் வாங்கவே கூடாது, ரவை வறுத்து வைத்தால் கொஞ்ச நாள் கூட நிற்கும்.

பல்லாவரம் பேச்சுலர்:

அம்மா, இரண்டாவது மாடியில் ஒற்றை அறையில் இருப்பவனுக்கு மொட்டை மாடியும் இல்லை, மண்பானைக்கு இடமும் இல்லை. மொத்தமாக வாங்கினால் எனக்குப் பாதி கெட்டுத்தான் போகும். தனியாக இருப்பவர்களுக்குக் கால் கிலோ கணக்குதான் சரி. மிச்சம் பிடிப்பது வேறு இடத்தில். சென்னையில் ஆவின் மாத அட்டை போட்டால் பால் பாக்கெட் விலையைவிடக் குறைகிறது, கடை கடையாக அலைய வேண்டியதும் இல்லை. துடைப்பம், வாளி, மக்கு, கயிறு, மிதியடி இதெல்லாம் எங்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்தான் வாங்குவேன், கடையில் சொல்கிற விலைக்கும் அங்கே கிடைக்கிற விலைக்கும் சம்பந்தமே இருக்காது.

கடைக்கார அண்ணாச்சி:

அரிசியைப் பற்றி யாரும் பேசவில்லையே, மாசச் செலவில் பெரிய உருப்படி அதுதான். 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 25 கிலோவுக்கு மேல் போனால் கிடையாது. அதனால்தான் ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தார்கள், அந்த ஒரு கிலோவை ஏன் சேர்த்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கிற அரிசிக்கும் வரி கிடையாது. ஆக 5 கிலோ, 10 கிலோ என்று அழகான பையில் வாங்கும்போது வரி, பைக்காசு, கம்பெனிப் பெயருக்கான காசு மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் 26 கிலோ சிப்பம் தேங்காது.

இன்னொன்று, பழைய அரிசி கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூட இருந்தாலும் பயப்பட வேண்டாம். தண்ணீர் அதிகம் இழுக்கும், சோறு உதிரியாக, கூடுதலாகக் காணும். புது அரிசி குழையும். வாங்கும்போது ‘எத்தனை மாசம் ஆச்சு’ என்று கேட்டே வாங்குங்கள், சொல்லத் தெரியாத கடையில் மூட்டை எடுக்காதீர்கள்.

ஈரோடு கொடி:

ரேஷனை ஏன் எல்லோரும் விட்டுவிட்டீர்கள்? துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் பாக்கெட் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய், அரிசி 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள்கூட அட்டையை முகவரிச் சான்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு பொருள் வாங்காமல் விடுகிறார்கள். பருப்பும் சர்க்கரையும் மட்டும் வாங்கினாலே மாதம் குறிப்பிட்ட தொகை நிற்கும். வெளிக்கடையில் அதே பருப்பு மூன்று நான்கு மடங்கு.

தல்லாகுளம் மீனா:

வரிசையில் நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது கொடி? போனால் பருப்பு வரவில்லை என்பார்கள், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். கைரேகை விழவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பியும் விட்டார்கள்.

ஈரோடு கொடி:

சிரமம் இருக்கிறது, மறுக்கவில்லை. அட்டையில் பெயர் இருக்கிற யார் வேண்டுமானாலும் போய் வாங்கலாம், உங்கள் மாமியார் பெயர் இருந்தால் அவர் காலையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போகட்டும். அட்டையோடு இணைத்த போனுக்கு நீங்கள் வாங்கினதற்கு எஸ்எம்எஸ் வரும், அதைப் பார்க்காமல் விடாதீர்கள். வாங்காத பொருளுக்கு வாங்கியதாக எஸ்எம்எஸ் வந்தால் 1967 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.

முன்னாள் பண்டகசாலை:

ரேஷனோடு கூட்டுறவு அங்காடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் பாண்டியன், கோவையில் சிந்தாமணி, சென்னையில் காமதேனு, 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. ஏசி இருக்காது, அலங்காரம் இருக்காது. எடையும் தரமும் நம்பலாம்.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது. சில்லறைச் சரக்கு வாங்குகிறவர்கள் கடையின் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. தட்டில் எதுவும் இல்லாதபோது பூஜ்ஜியம் காட்டுகிறதா என்பதை மட்டும் பார்த்தால்கூடப் பாதி ஏமாற்று நின்றுவிடும். கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால் ஐந்து சதவீதம் போச்சு, எந்தத் தள்ளுபடியும் அதை ஈடுகட்டாது.

பல்லாவரம் பேச்சுலர்:

ஆப் பற்றி என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அதை முழுக்கத் தள்ள வேண்டாம். இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து வருகிறவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் பொருளின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம், சின்ன ஆர்டர் கட்டணம், மழை பெய்தால் அதற்கொன்று, எல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். நூறு ரூபாய்ப் பொருளுக்கு முப்பது ரூபாய் கட்டணம் என்றால் முப்பது சதவீதம். நான் இப்போது வேண்டியதைக் கூடையில் போட்டுவிட்டு ஆர்டர் போடாமல் மூடிவிடுவேன். மறுநாள் திறந்தால் பாதிப் பொருள் தேவையே இல்லை என்று தெரியும்.

முன்னாள் பண்டகசாலை:

நல்ல பழக்கம் தம்பி. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசி வரை மறைத்து வைப்பது, இன்னும் இரண்டுதான் பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவது, இதையெல்லாம் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது, மொத்தம் 13 வகை ஏமாற்றுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள், உங்களிடம் எடுத்த அதே ஐந்து ரூபாயை லட்சம் பேரிடமும் எடுக்கிறார்கள்.

தல்லாகுளம் மீனா:

காய்கறிக்கும் ஒரு வழி சொல்லுங்கள். ஆபீஸ் விட்டு வரும்போது வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்குகிறேன், தினமும் நூறு ரூபாய்க்குக் குறையாது.

கடைக்கார அண்ணாச்சி:

தல்லாகுளத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா தங்கச்சி? பி.பி.குளம் உழவர் சந்தை உங்களுக்கு நடை தூரம்தானே. தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தையே நம் அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-ல் திறந்ததுதான். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், பேரம் பேசி நேரத்தை விட வேண்டியதில்லை. காலையில் ஏழு மணிக்குள் போய்விட வேண்டும், எட்டரைக்குப் போனால் கீரையும் நல்ல தக்காளியும் தீர்ந்திருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். முதல் இரண்டு நாளைக்குக் கீரை, வெண்டை, கத்தரி, அதற்குப் பிறகு கேரட், பீட்ரூட், சேனை, பூசணி என்று சமைத்தால் ஒன்றும் வாடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் மட்டும் காய்ந்ததாகப் பார்த்து மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல் பரப்பி வையுங்கள்.

ஈரோடு கொடி:

மீனா, நானும் உங்கள் மாதிரி வேலைக்குப் போகிறவள், இரண்டு பிள்ளைகள். எனக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது ஒரே ஒரு வேலை. வீட்டில் வழக்கமாக வாங்குகிற எல்லாப் பொருளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதம் எவ்வளவு ஆகிறது என்று குறித்துச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளன்று அதில் தேதியை மார்க்கரில் எழுதிவிடுவோம். இரண்டு மூன்று மாதத்தில் எது எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்துபோகும், அப்புறம் யோசித்து லிஸ்ட் எழுத வேண்டியதே இல்லை, தாளை போட்டோ எடுத்து, இருப்பதை அடித்துவிட்டுக் கடைக்கு அனுப்பினால் முடிந்தது. நீங்கள் சொல்கிற அந்த நடு மாதத் தட்டுப்பாடு, அளவு தெரியாமல் வாங்குவதால்தான் வருகிறது. அதுதான் உங்களை ஆப்புக்குள் இழுக்கிறது.

பெரிய கடைக்குப் போவதை நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆக்கிவிட்டேன். கெடாத கம்பெனிச் சரக்கு மட்டும்தான், துணி சோப்பு, பாத்திர சோப்பு, பேஸ்ட், கழிப்பறை கழுவும் திரவம், டீத்தூள். தள்ளுபடி இருந்தால் நாலு மாதத்துக்குக்கூட எடுப்பேன், ஏனென்றால் இவை கெடாது. தின்பண்டத்தில் மட்டும் ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று கண்டால் முதலில் தேதியைத் திருப்பிப் பார்ப்பேன், பாதி நேரம் அடுத்த மாதமே முடிகிற சரக்காக இருக்கும்.

விருதுநகர் சரஸ்வதி:

கொடி, தேதி எழுதி வைப்பது ரொம்ப நல்ல யோசனை. நாங்கள் காலண்டரில் எழுதுவோம், கேஸ் சிலிண்டர் மாற்றின தேதியும் அதில்தான்.

பாத்திரம் கழுவுகிறதற்கு விதவிதமாகப் புட்டி புட்டியாக வாங்குவதையும் குறைக்கலாம். எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்துக்குச் சீயக்காய்த் தூளும் சாம்பலும் போதும், சுத்தமாகப் போய்விடும். செம்பு, பித்தளைக்குக் கரைத்துச் சக்கையாய்ப் போன புளி இருக்கவே இருக்கிறது.

தல்லாகுளம் மீனா:

இவ்வளவு விவரமாக எழுதின எல்லோருக்கும் நன்றி. இந்த மாதத்திலிருந்தே அண்ணாச்சி சொன்ன மாதிரி லிஸ்ட்டைப் பிரித்து இருபதாம் தேதிக்கு மேல் கடைக்கு அனுப்பப் போகிறேன், மாமியார் ரேஷனுக்குப் போக ஒத்துக்கொண்டுவிட்டார். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வருஷப் புளி வாங்கும்போது கொட்டை எடுத்த புளி ரொம்ப விலை சொல்கிறார்கள், கொட்டையோடு வாங்கி நாமே எடுத்தால் மிச்சமாகுமா? ஞாயிறு முழுதும் புளியோடு உட்காரவும் முடியாது.

கடைக்கார அண்ணாச்சி:

தோடு உடைத்த புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டைதான் தங்கச்சி, அதோடு நாரும் கொஞ்சம் போகும். கிலோவுக்கு 600 கிராம் சுளை தேறினால் நல்ல புளி. ஆக கொட்டையோடு கிலோ 100 ரூபாய் என்றால், சுளை உங்களுக்குக் கிலோ 165 ரூபாய்க்கு மேல் அடக்கம். கொட்டை எடுத்தது 160-க்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள். 200 சொன்னால் கொட்டையோடு வாங்கலாம், அதுவும் வீட்டில் இரண்டு கை உதவி இருந்தால் மட்டும். வாங்குமுன் ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுப் பாருங்கள், எடைக்காக உப்புத் தண்ணீர் தெளித்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

விருதுநகர் சரஸ்வதி:

நிறத்தையும் பார், மீனா. புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், கறுத்திருந்தால் போன வருஷத்துச் சரக்கு. ரசத்துக்குப் பழசு நன்றாக இருக்கும் என்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம், வருஷத்துக்கு வைக்கப் புதுசுதான் சரி.